பீன்யாவுக்குப் பால் மறக்கடித்தது

பண்ணையில் மெஷின் வைத்துவிட்டார்களாம். மஞ்சுளா போன் செய்து சொன்னாள். நான் ஓய்வுபெற்று வந்தபின் என்னுடைய கன்றுகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். ஒவ்வொரு கன்றின் கழுத்திலும் ஒரு பட்டை கட்டியிருக்கிறார்களாம். கன்று போய் மெஷினை முட்டினால், அதுவே ஆளை அடையாளம் கண்டு, வெதுவெதுப்பாகப் பாலைக் கலந்து ரப்பர் காம்பில் விடுகிறதாம்.

"குடிக்காத கன்னுக்குச் செவப்பு லைட்டு எரியுதுக்கா. எரிஞ்சா என்னா செய்யணும்னு மெஷின் வெச்சவங்க சொல்லாமலே போய்ட்டாங்க" என்றாள்.

"போய் அது வாயில விரலை வை. அது விரலைச் சப்புதான்னு பாரு."

"அதுக்கப்புறம்?"

அதற்கப்புறம் என்ன என்று போனில் சொல்ல ஆரம்பித்தேன். அரை மணி நேரம் ஆகியும் முடியவில்லை. "எனக்குத் தலை சுத்துதுக்கா, நீ எழுதியே குடுத்துடு" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஜீவனஹள்ளியில் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள் நான். கடைசியாக நான் எழுதிய கட்டுரை சேமிப்பின் அவசியம் பற்றியது. அதற்கு வாங்கிய மார்க்கை இங்கே சொல்ல மாட்டேன். கன்றுக்குட்டிகளைப் பற்றி அதைவிட நன்றாக எழுதுவேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் பண்ணை யெலஹங்கா தாண்டி இருந்தது. ஜீவனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பால் கறக்கும் பண்ணையில் கன்றைத் தாயோடு விடமாட்டார்கள். பிறந்ததும் தனிக் கூண்டுக்கு வந்துவிடும், அன்றிலிருந்து பாட்டில்தான். அந்தப் பாட்டிலைப் பிடிப்பதுதான் என் உத்தியோகம். "மாட்டுக்கு ஆயா வேலை" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் செய்தவர். இரும்பு கத்தாது, அதனால் அவருக்கு இதெல்லாம் புரியாது.

சேர்ந்த புதிதில் கற்றுக்கொண்டதை நாலு வரியில் சொல்லிவிடலாம். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது. ஒழுகினால் பால் வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள் போய்விடும். கன்றின் தலை, தாய் மடியில் குடிக்கும் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. குடித்து முடித்ததும் வாயைத் துடைத்து, நாக்கில் கொஞ்சம் உப்பைத் தடவ வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக் கன்றின் காதைச் சப்பிச் சப்பியே புண்ணாக்கிவிடும்.

பண்ணையில் கன்றுகளுக்கு எண் மட்டும்தான் உண்டு. எண்ணைச் சொல்லிக் கொஞ்ச முடியுமா? நான் என் பஸ் போகும் வழியில் இருக்கும் பெயர்களை வைத்தேன். லிங்கராஜபுரம் என்று ஒன்று இருந்தது. ஹெப்பால் என்று ஒன்று, பஸ்கள் நெரிசலில் மாட்டும் அந்த இடத்தைப் போலவே எப்போதும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். என் பஸ் போகாத ஊரின் பெயரை ஒரே ஒரு கன்றுக்குத்தான் வைத்தேன். என் வீட்டுக்காரருக்குப் பீன்யாவில் வேலை நிரந்தரமான அன்றைக்குப் பிறந்த கிடேரிக் கன்று அது. "என் கம்பெனி இருக்கிற எடத்தப் போய் மாட்டுக்கு வெச்சிருக்கியே" என்று அவர் கோபித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து, "பீன்யா எப்படி இருக்கா?" என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

எங்களுக்கு மேலே இருந்தவர் டாக்டர் நளினா மேடம். கன்னடத்துக்காரர். எங்களோடு பேசியதெல்லாம் கன்னடத்தில்தான், நான் தமிழில் எழுதுகிறேன். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அதுதான் பயமாக இருக்கும். ஷெட்டுக்குள் வந்ததும் முதலில் கையைக் கழுவுவார். ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே நின்று, எல்லாக் கன்றுகளையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். அதுவரை நாங்கள் யாரும் பேசக் கூடாது. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ஏனு நோடிதே?" என்பார். என்ன பார்த்தாய் என்று அர்த்தம். என்ன நினைக்கிறாய் என்று கேட்க மாட்டார். "சோர்வா இருக்குது மேடம்" என்றால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "காது தொங்குது, சாணி தண்ணியா இருக்குது" என்றால் உடனே குனிந்து பார்ப்பார். கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு வந்தால்கூட இவர் ஏனு நோடிதே என்று கேட்பார் என்று நாங்கள் பின்னால் பேசிச் சிரிப்போம்.

பால் மறக்கடிப்பதில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கன்று தீவனம் தின்னப் பழகியதும் சாயங்காலப் பாட்டிலை நிறுத்துவார். பிறகு காலைப் பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் அதையும் நிறுத்துவார். அப்படி நிறுத்துகிற வாரத்தில், அதுவரை பாட்டில் கொடுத்தவர் அந்த வரிசைக்கே போகக் கூடாது. பாட்டில்காரியைப் பார்த்தால் கன்று தீவனத்தைத் தொடாது, பாலுக்காகக் கத்திக்கொண்டே நிற்கும். அதனால் அந்த வாரம் வேறு ஆள் வந்து தீவனம் வைப்பார். தினமும் காலையில் மேடம் வந்து தீவனக் கிண்ணத்தைப் பார்ப்பார். இரண்டு நாள் கிண்ணம் காலியாகாவிட்டால் பாட்டிலைத் திரும்பக் கொடுப்பார். கணக்கு அவ்வளவுதான், எல்லாமே அந்தக் கிண்ணத்தில் இருந்தது.

வழக்கத்தை மீறி வரிசைக்குள் போனவர்களுக்குச் சாணிப் பக்கம் மாற்றல். எனக்கு முன்னால் இருந்த ஒருத்தி அப்படித்தான் போனாள். கன்றுகளை விட்டுப் போக எனக்கு மனசில்லை, அதனால் அந்த விஷயத்தில் மட்டும் நான் நல்ல பிள்ளையாக இருந்தேன்.

பீன்யா நாள் நிறைவதற்கு முன்பே பிறந்தவள். எலும்பும் தோலுமாக வந்தாள். முதலில் ரப்பர் காம்பைப் பிடிக்கவே தெரியவில்லை. என் விரலைச் சப்பவிட்டு, சப்பும்போதே விரலை உருவிவிட்டுக் காம்பை உள்ளே தள்ளித்தான் குடிக்க வைத்தேன். தீவனமும் அப்படித்தான். பால் முடிகிற நேரத்தில், விரலில் தீவனத்தை ஒட்டி வாயில் வைப்பேன். சப்புகிற ருசியில் மென்று விழுங்குவாள். கை நிறையக் கொடுத்தால் கை நிறையத் தின்பாள். கிண்ணத்தை மட்டும் மோந்துகூடப் பார்க்க மாட்டாள்.

"கையில தின்றா மேடம், கிண்ணத்துல திங்க மாட்டேங்குறா" என்று சொன்னேன்.

"நீ பக்கத்துல இருக்கிறவரைக்கும் அவளுக்குக் கிண்ணம் எதுக்கு? நீ போ. பசிச்சா தின்னுவா. தின்னலன்னா கிண்ணத்துல தெரிஞ்சுடும்" என்றார் மேடம்.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நிறைய கன்றுகள் அப்படித்தான் பழகின.

அந்த வாரம் என் வரிசைக்கு வந்தவர் பழனி. ஸ்ரீராம்புரத்துக்காரர், பால் கறக்கும் பகுதியில் நெடுநாள் இருந்தவர். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். தோளில் ஒரு துண்டு இருக்கும், நிற்கிற இடத்தை எல்லாம் துடைத்துக்கொண்டே இருப்பார். "உன் வரிசைய கோயில் மாதிரி வெச்சுத் தரேன்கா, கவலப்படாத" என்றார். நான் எதிர் ஷெட்டுக்குப் போனேன். நடுவில் ஒரு சுவரும் தண்ணீர்க் குழாயும் மட்டும்தான்.

முதல் நாள் முழுக்கப் பீன்யா கத்தினாள். கன்றுகளின் குரலைக் கேட்டே இது யார் என்று சொல்லிவிடுவேன். அவளுக்குக் கரகரத்த குரல். நான் பாட்டில் கழுவுகிற சத்தம் சுவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கத்தல் கூடும். அதனால் பாட்டில்களை மெல்ல மெல்லக் கழுவினேன். இரண்டாம் நாளும் கத்தினாள். அன்று சாயங்காலம் குரல் உடைந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் சத்தமே இல்லை.

"செட் ஆயிட்டாக்கா" என்றார் பழனி.

எல்லாக் கன்றும் கத்தி ஓய்ந்து, பிறகு தின்ன ஆரம்பிக்கும். அதுதான் வழக்கம். ஆனால் அப்படி அடங்குகிற கன்று நடுவில் ஒரு முறையாவது கத்தும். தீவன வாளி சத்தம் கேட்டால் ஒரு குரல் கொடுக்கும். இவளிடமிருந்து எதுவுமே வரவில்லை. மேடம் சுற்றி வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன்.

"மேடம், பீன்யா தின்றாளா?"

"கிண்ணம் காலி. ரெண்டு நாளும் காலி."

"சத்தமே வரலியே மேடம். நான் ஒரு தடவ பார்த்துட்டு வரட்டுமா?"

"ஏனு நோடிதே?"

நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதுதானே வழக்கம். "கேக்கல மேடம், அதான்" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை. "நீ போனா இந்த மூணு நாளும் வீண். கிண்ணம் சரியா இருக்கு. உன் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கிண்ணத்தை நம்புகிறாரே, என்னை நம்பக் கூடாதா என்று நினைத்தேன். ஆனாலும் அந்தப் பக்கம் போகவில்லை. அன்று என் கையில் பால் குடித்த கன்றுகளுக்கு நல்ல முகம் காட்டினேனா என்று நினைவில்லை.

மறுநாள் புதன்கிழமை. வியாழக்கிழமைதோறும் காலையில் பண்ணைக்கு ஒரு வேன் வரும். தேறாத கன்றுகளை ஏற்றிக்கொண்டு போகும். எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை, கேட்காமலே தெரியும். அந்த வேன் ஞாபகத்தோடுதான் பாட்டில்களை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனேன். மேடம் வர இன்னும் நேரம் இருந்தது. அங்கே பழனி குனிந்து கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கன்று நக்கித் தின்ற கிண்ணத்தில் கழுவ ஒன்றும் இருக்காது. தண்ணீர் விட்டால் தண்ணீராகவே போகும். பழனியின் காலடியில் தண்ணீர் பழுப்பாக, கெட்டியாக ஓடியது. வெல்லப்பாகு வாசனை அடித்தது. எங்கள் தீவனத்தில் அதைச் சேர்ப்பார்கள்.

"பழனி, இது எந்தக் கிண்ணம்?"

"எல்லாம் நேத்தைய மிச்சம்தான்கா. பெரிய மாட்டுத் தொட்டில கொட்டிட்டு வந்தேன். மேடம் வர்றதுக்குள்ள சுத்தமா தொடச்சு மாட்டிடணும்ல?"

"தினமுமா?"

"தினமும்தான். அழுக்குப் பாத்திரம் மேடம் கண்ணுல பட்டா என்னா ஆவும்னு உனக்குத் தெரியாதா?"

கறவைப் பகுதியில் பாத்திரத்தின் ஓரத்தில் ஒரு பொட்டுப் பால் காய்ந்திருந்தாலும் அன்றைக்கு விசாரணைதான். பழனி அங்கே வளர்ந்தவர். இங்கே கிண்ணம்தான் பேசும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

பாட்டில்களை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். சாணிப் பக்கமாவது, எந்தப் பக்கமாவது, அதெல்லாம் அப்போது நினைவில்லை. பீன்யா கூண்டு மூலையில் கழுத்தை மடித்து விலாவில் தலையை வைத்துப் படுத்திருந்தாள். "பீன்யா" என்றேன். காது அசையவில்லை. காதைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டேன், கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. கண் உள்ளே போயிருந்தது. வாயில் விரலை வைத்தேன். வாய்க்குள்ளும் சில்லென்று இருந்தது. விரலைச் சப்பவில்லை. பிறந்த நாளிலிருந்து என் விரலைச் சப்பாமல் இருந்ததே இல்லை அவள்.

மேடம் வந்தபோது நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கையைக்கூடக் கழுவாமல் உள்ளே வந்தார். அதை முதல் முறையாகப் பார்த்தேன்.

"ஏனு நோடிதே?"

"காது சில்லுனு இருக்குது. கிள்ளுன தோல் இறங்கல. விரலைச் சப்பல. கிண்ணத்துல இருந்தத பழனி தினமும் கொட்டிட்டாரு மேடம், சுத்தம் பண்றதுக்காக."

பழனி வாசலில் நின்றார், தோளில் இருந்த துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. மேடம் அவரைத் திட்டவில்லை. கொக்கியில் பளபளவென்று தொங்கிய கிண்ணத்தை ஒரு முறை பார்த்தார். "சுடுதண்ணி கொண்டு வா, பழனி" என்றார். பிறகு என்னிடம், "அமுதா, தலையைப் பிடி. தூக்காதே."

சப்பாத கன்றுக்குப் பாட்டில் வைத்தால் பால் நெஞ்சுக்குப் போய்விடும். குழாய் போட்டுத்தான் உள்ளே விட வேண்டும். மேடம் ரப்பர் குழாயைக் கன்றின் மூக்கு நுனியிலிருந்து முன்னங்கால் நெஞ்சோடு சேரும் இடம் வரை வைத்து அளந்து, அந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டார். வெந்நீரில் நனைத்தார். நாக்கின் மேலாக மெதுவாகத் தள்ளி, கன்று விழுங்கும்வரை காத்திருந்து, மறுபடி தள்ளினார். பிறகு என் கையைப் பிடித்துக் கழுத்தில் வைத்தார். மூச்சுக்குழல் கெட்டியாக ஒன்று, அதன் பக்கத்தில் இந்தக் குழாய் இன்னொன்று. "ரெண்டு இருக்கா?" என்றார். எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. "மறுபடி பாரு." இரண்டும் தெரிந்தது. அப்படியும் குழாயின் முனையைத் தன் கன்னத்தில் வைத்து மூச்சுக் காற்று வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை என்று தெரிந்த பிறகே உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை ஊற்றினார். எடுக்கும்போது குழாயை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தார், மிச்சம் ஒரு சொட்டும் மூச்சுக்குழலில் விழாமல்.

அப்போதுதான் பண்ணை மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இது தேறாது டாக்டர். நாளைக்கு வேன் வருது, லிஸ்ட்ல சேத்துடலாமா?"

"நாளைக்குக் காலைல தானா எழுந்து நின்னா விட்டுடுங்க. நிக்கலன்னா உங்க இஷ்டம்" என்றார் மேடம்.

அன்று முழுக்க என்னை அவளோடு விட்டார்கள். கோணிப்பை போர்த்தினேன், காதைத் தேய்த்தேன். மத்தியானம் இன்னொரு முறை குழாய் போட்டோம். சாயங்காலம் நான் கிளம்ப வேண்டிய நேரத்தில் வாயில் விரலை வைத்தபோது, நாக்கு லேசாக மடிந்தது. சப்பினாள் என்று சொல்ல முடியாது. "நாக்கு அசைஞ்சுது மேடம்" என்று மட்டும் சொன்னேன். பார்த்ததைச் சொல்லப் பழகியிருந்தேனே. ராத்திரி பழனி இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

வீட்டில் என் வீட்டுக்காரர் வழக்கம்போல, "பீன்யா எப்படி?" என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நாளைக்குக் காலைல தெரியும்" என்றேன்.

காலையில் பஸ் ஹெப்பாலில் நின்றது நின்றபடி நகரவில்லை. நான் கண்டக்டரைத் திட்டினேன், பாவம் அவர் என்ன செய்வார். பண்ணை வாசலில் இறங்கினால், வேன் எனக்கு முன்பே வந்து பின்கதவைத் திறந்து வைத்து நின்றது. ஷெட்டில் மேனேஜர், மேடம், வேன் டிரைவர், மூன்று பேரும் கூண்டுக்கு வெளியே நின்றார்கள். பீன்யா படுத்திருந்தாள். தலையை மட்டும் நிமிர்த்தியிருந்தாள்.

"ராத்திரி ரெண்டு வாட்டி பாட்டில்ல குடிச்சாக்கா. எழுந்திரிக்கத்தான் மாட்டேங்குறா" என்றார் பழனி. அவர் கண் சிவந்திருந்தது.

"யாரும் தூக்கக் கூடாது" என்றார் மேனேஜர்.

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் தலையசைத்தார். குழாயடிக்குப் போய்க் காலிப் பாட்டில் இரண்டை எடுத்தேன். இத்தனை நாள் சத்தம் வராமல் கழுவினேனே, அந்தப் பாட்டில்கள். இரண்டையும் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் எழுப்பிக் கழுவினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கரகரத்த குரல் வந்தது. உடைந்த குரல்தான். நான் ஓடி வந்து பார்க்கும்போது பின்னங்கால்களை ஊன்றி இடுப்பைத் தூக்கியிருந்தாள், முன்னங்கால்கள் இன்னும் மண்டியிட்டபடி இருந்தன. அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு ரொம்ப நேரம். பிறகு ஒரு காலை ஊன்றினாள், இன்னொரு காலையும் ஊன்றினாள். ஆடிக்கொண்டே நின்றாள்.

டிரைவர் போய் வேன் கதவைச் சாத்தினார்.

அன்று மேடம் எங்களைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "காலிக் கிண்ணத்தைப் பார்த்தேன். அது எப்படிக் காலியாச்சுன்னு நான் பார்க்கல." பழனியைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியாது. அன்றிலிருந்து நான் வேலையை விடும்வரை, மேடம் பார்க்கும் முன் எங்கள் ஷெட்டில் எந்தக் கிண்ணத்திலும் தண்ணீர் பட்டதில்லை.

இரண்டாம் முறை பால் மறக்கடித்தபோது மேடம் தன் வழக்கத்தை மாற்றினார். நானே செய்யட்டும் என்றார். கையில் கொடுத்ததைக் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திக் கிண்ணத்துக்குள் கொண்டுபோனேன். தீவனத்துக்குள் என் விரல்கள் புதைந்திருக்கும், அவள் விரலைத் தேடித் தேடித் தீவனத்தைத் தின்பாள். ஒரு நாள் விரலை மெல்ல எடுத்துவிட்டேன். அவள் தேடிக்கொண்டே தின்றாள். இன்னொரு நாள் தேடவில்லை, தின்றாள். பக்கத்துக் கூண்டு லிங்கராஜபுரம் ஒரு சாப்பாட்டு ராமி, அவள் மெல்லுகிற சத்தமும் உதவியது என்று நினைக்கிறேன். பாட்டிலை நிறுத்திய பிறகு நான் எதிர் ஷெட்டுக்குப் போனேன். பழனி தினமும் கழுவாத கிண்ணத்தைச் சுவருக்கு மேலே தூக்கி எனக்குக் காட்டுவார். கோயில் பிரசாதம் காட்டுகிற மாதிரி.

வாரக் கடைசியில் மேடம் என்னைக் கூப்பிட்டு, "இப்ப நீ போய்ப் பாரு" என்றார்.

கையில் பாட்டில் இல்லாமல் போனேன். பீன்யா தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தாள். "பீன்யா" என்று கூப்பிட்டேன். காது மட்டும் என் பக்கம் திரும்பியது. தலை நிமிரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன், அப்போதும் தின்றுகொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். மேடம் வாசலில் ஈரக் கையோடு நின்றார்.

"ஏனு நோடிதே?"

"என்னைப் பார்க்கல மேடம். தின்றா."

"அப்ப சரி" என்றார்.

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வந்தது. குழாயடிக்குப் போய், மற்றக் கன்றுகளின் பாட்டில்களைச் சத்தமாகவே கழுவினேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் குரல் கொடுக்கவில்லை.